வெறும் பைலட் தானே!

சினிமாவில் ஒலிப்பதிவுத் துறையில் இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே பாட்டுக்குப் போய்விடுவார். எஸ்.பி.பி. ஒரே டேக்கில் பாடிவிடுவாராமே, இளையராஜாவைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா, இப்படி. நான் இருந்தது அந்தக் குளிர்சாதன அறையில் இல்லை. படப்பிடிப்பு நடக்கிற இடத்தில், வெயிலில். கையில் ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் மைக். அதற்குப் பூம் என்று பெயர். நடிகரின் தலைக்கு மேலே, கேமராவின் பார்வைக்குள் வந்துவிடாமல், அந்தக் கம்பை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் உத்தியோகம். சில வருடங்கள் கழித்து மெஷினுக்கு முன்னால் உட்காரும் உதவியாளனாக உயர்ந்தேன். அந்த வேலையைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலின் முதல் எதிரி சத்தம். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931-இல் பம்பாயில் தயாரானபோதே இந்தத் தொல்லை இருந்தது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் ஓடாத பின்னிரவு நேரத்தில்தான் பெரும்பாலான காட்சிகளை எடுத்தார்கள். மைக்குகளை நடிகர்களுக்குப் பக்கத்தில், படத்தில் தெரியாதபடி ஒளித்து வைத்தார்கள். அதே வருடம் நம்முடைய 'காளிதாஸ்' வந்தது. அதுவும் பம்பாய்ச் சரக்குதான். சென்னைக்கென்று பேசும்பட ஸ்டூடியோ வந்தது 1934-இல், ஏ. நாராயணன் தொடங்கிய ஸ்ரீனிவாசா சினிடோன். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். இந்த விவரம் நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

ஸ்டூடியோ காலத்தில் வசனத்தை ஃப்ளோரிலேயே பதிவு செய்தார்கள். கதவைச் சாத்துவார்கள், மணி அடிக்கும், வாசலில் சிவப்பு விளக்கு எரியும், மின்விசிறி நிற்கும். நடிகர் பேசியது பேசியதுதான். பிறகு கேமரா ஸ்டூடியோவை விட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் கிளம்பியது. வெளியே தூக்கிப் போக வசதியான கேமரா ஆரி 2சி. எடை குறைவு, தோளில் வைத்துக்கூட எடுக்கலாம். ஆனால் ஓடத் தொடங்கினால் தையல் மெஷின் போலக் கடகடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு பதிவான வசனத்தைத் தியேட்டரில் போட முடியாது. அதனால் படப்பிடிப்பில் பதிவாவதை ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, பிற்பாடு டப்பிங் தியேட்டரில் நடிகரை வரவழைத்து மறுபடி பேச வைத்தார்கள். அந்த வழிகாட்டிப் பதிவுக்குத்தான் பைலட் ட்ராக் என்று பெயர்.

வழிகாட்டிதான் என்று ஆனபின் அதற்கு மரியாதை ஏது? "வெறும் பைலட் தானே, ஏதோ கேட்டா போதும்" என்பது யூனிட்டில் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை. ஜெனரேட்டர் வண்டி பக்கத்திலேயே உறுமும். யாரோ தட்டைக் கீழே போடுவார்கள். யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

எங்கள் இன்ஜினியர் சார் மட்டும் கவலைப்படுவார். நான் வேலை கற்றது அவரிடம்தான். கண்டிப்பான மனிதர். "தம்பி, பைலட்டுன்னு நினைச்சு எடுத்தா பைலட்தான் கிடைக்கும்" என்பார்.

அப்போது எங்கள் மெஷின் நாக்ரா. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்பவர் உருவாக்கியது. போலிஷ் மொழியில் 'நாக்ரா' என்றால் 'பதிவு செய்யும்' என்று அர்த்தமாம். டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி பன்னிரண்டு வேண்டும். கால் அங்குல டேப், வினாடிக்கு ஏழரை அங்குல வேகம். ஐந்து அங்குல ரீல் போட்டால் மூடியை மூடிக்கொள்ளலாம். ஏழு அங்குல ரீல் என்றால் மூடி திறந்தே இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் புழுதி பறக்கும் என்பதால் நாங்கள் சின்ன ரீல்தான் போடுவோம். 600 அடி டேப் 16 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேமராவில் 400 அடி ஃபிலிம் நாலரை நிமிடம்கூட வராது என்பதால் அது போதும்.

சார் கற்றுக்கொடுத்த முதல் பாடம், மைக்கின் விலையைவிட மைக் இருக்கும் தூரம் முக்கியம் என்பது. திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் ஆறு டெசிபல் குறையும். காக்காய்ச் சத்தமும் பம்ப்செட் சத்தமும் குறையாது. எங்களிடம் இருந்தது சென்ஹைசர் 416 என்ற நீள மைக். செட்டில் கன் மைக் என்போம். எந்தத் திசையில் நீட்டுகிறோமோ அந்தத் திசையிலிருந்து வருவதை அதிகமாகவும், பக்கவாட்டில் வருவதைக் குறைவாகவும் வாங்கும். அதைத் தலைக்கு மேலிருந்து, நெஞ்சை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். காற்றடித்தால் உறை போட வேண்டும். கம்பைப் பிடித்திருக்கும் விரலை நகர்த்தினால் அதுவும் பதிவாகும். அதனால் மோதிரம் போட மாட்டேன். வசனம் முழுவதும் எனக்கும் மனப்பாடமாக இருக்கும். அடுத்து யார் பேசுவார் என்று தெரிந்தால்தானே மைக்கை முன்கூட்டியே அந்தப் பக்கம் திருப்ப முடியும்?

நடிகைகளின் வளையலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைப்போம். பட்டுப்புடவை சரசரக்கும், அதற்கு மருந்து கிடையாது, அசையாமல் நிற்கச் சொல்வதுதான். ஜெனரேட்டர் வண்டியை எவ்வளவு தூரம் கேபிள் எட்டுமோ அவ்வளவு தூரம் தள்ளி, முடிந்தால் ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்துவோம். எல்லாம் முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் அமைதியை மட்டும் பதிவு செய்வோம். வயலின் அமைதி வேறு, ஓட்டு வீட்டின் அமைதி வேறு. எடிட்டிங்கில் இரண்டு வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. பாட்டியாக நடித்தவர் நாடகக் கம்பெனியில் வளர்ந்த அம்மா. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அன்றைக்கு அவர் பேச வேண்டியது நாலே வரி. பட்டணம் போகும் மகனை வாசலில் நின்று அனுப்பும் காட்சி. ஷாட் ஓகே ஆகிவிட்டது. எல்லோரும் சாமான்களை எடுக்கத் தொடங்கினார்கள். இன்ஜினியர் சார் எழுந்து, "அம்மா, ஒரு நிமிஷம். கேமரா இல்லாம அதே வசனத்தை அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்றார். இதற்கு வைல்ட் ட்ராக் என்று பெயர். கேமரா ஓடாததால் குரல் சுத்தமாகக் கிடைக்கும். நடிப்பின் சூடு ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

புரொடக்ஷன் மேனேஜர், "டப்பிங்ல பாத்துக்கலாமே சார்" என்று முணுமுணுத்தார். அந்த அம்மா சிரித்தார். "ஏம்ப்பா, இந்தக் கெழவி குரலை எதுக்கு ரெண்டு தரம் புடிக்கிறீங்க? ஒரு தரமே ஒடைஞ்சு போயில்ல கெடக்கு" என்றார். பிறகு அதே இடத்தில் நின்று பேசினார். "போய்ட்டு வா. திரும்பிப் பாக்காமப் போ. நான் உள்ள..." என்று சொல்லி, ஒரு மூச்சு நிறுத்தி, "போயிடுவேன்" என்று முடித்தார். ஹெட்போனில் அந்த மூச்சு எனக்குக் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஆனால் பேச்சு போய்விட்டது. டப்பிங்குக்கு வேறொரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவரும் திறமைசாலிதான். அந்தக் காட்சித் துண்டை வளையமாக ஒட்டித் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட, அவரும் திரும்பத் திரும்பப் பேசினார். உதடு பொருந்தியது. அந்த ஒரு மூச்சு மட்டும் வரவில்லை. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் சார் வைல்ட் ட்ராக்கை எடுத்தார். படத்தில் பேசியதற்கும் இதற்கும் வேகம் கொஞ்சம் வித்தியாசப்பட்டது. டேப்பிலிருந்து 35 மி.மீ. மேக்னடிக் ஃபிலிமுக்கு மாற்றி, வார்த்தைக்கு வார்த்தை வெட்டி, நடுவில் அந்த வயலின் அமைதியைத் துண்டு துண்டாக ஒட்டிப் பொருத்தினார்கள். வினாடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு நாலு துளை. ஒரு துளை என்றால் வினாடியில் 96-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நகர்த்தி நகர்த்தி ஒரு ராத்திரி முழுக்க வேலை. படத்தில் அந்த நாலு வரி அவருடைய சொந்தக் குரலிலேயே வந்தது.

படம் வந்து ஓடி முடிந்த பிறகு ஒருநாள் அவர் மகள் ஸ்டூடியோவுக்கு வந்தார். "அண்ணே, அம்மா பேசின டேப் ஏதாவது இருக்குமா? எங்க வீட்ல அம்மா குரல் எதுலயுமே இல்ல. என் பையன் ஆச்சி பேசியே கேட்டதில்ல" என்றார்.

டேப் இல்லை. அப்போது டேப் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். அந்தக் கம்பெனி படம் முடிந்ததும் எல்லா ரீலையும் அழித்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிட்டது. அது அன்றைய வழக்கம். இன்ஜினியர் சார் எடிட்டிங் அறையில் கிடந்த வசன ட்ராக்கைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒரு கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இல்லை. அதுவும் எழுதிக் கொடுத்த வசனம். "ஏம்ப்பா, இந்தக் கெழவி குரலை" என்று அவர் தானாகச் சிரித்துப் பேசியது டேப்பில் பதிவாகியிருந்தது. அந்தப் பையன் கேட்டிருக்க வேண்டியது அதுதான். அது அழிந்த ரீலோடு போய்விட்டது.

காலம் மாறிவிட்டது. 2001-இல் 'லகான்', 2004-இல் 'விருமாண்டி' எல்லாம் படப்பிடிப்பிலேயே பேசிய குரலோடு வந்தன. கேமராக்கள் சத்தம் போடுவதில்லை. சட்டைப் பொத்தானுக்குள் ஒளியும் வயர்லெஸ் மைக், நடிகருக்கொரு ட்ராக், டேப்புக்குப் பதில் விரல் நகம் அளவு கார்டு. தூரமும் அமைதியும் மட்டும் அன்றைக்கு இருந்த அதே சங்கதிதான்.

உங்கள் கையில் இருக்கும் செல்போனும் ஒரு நாக்ராதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பதிவு செய்து வையுங்கள். பெரியவரே நீங்கள்தான் என்றால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். டைல்ஸ் போட்ட பெரிய ஹாலில் வேண்டாம், எதிரொலிக்கும். மெத்தையும் துணிமணியும் இருக்கும் படுக்கையறை நல்லது. பெரும்பாலான போன்களில் மைக் அடிப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் பேசுபவரைப் பார்த்தபடி, ஒரு முழத்துக்குள், மடித்த துண்டின் மேல் வையுங்கள். அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். தேதியையும் பெயரையும் முதலில் சொல்லிவிடுங்கள். அதுதான் நமக்குக் கிளாப். அவர் பேசும்போது "ம், ம்" கொட்டாதீர்கள், தலையை ஆட்டினால் போதும். அவர் பேசத் தயாராவதற்கு முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள், முடிந்தது என்று அவர் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள்.

மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். வியர்க்கும்தான். ஐந்து நிமிடம், விசிறி மட்டையும் வேண்டாம், அதுவும் கேட்கும்.