“யூதரைப் பாருங்கோ” எண்டால், எந்த யூதரை?

எங்கட ஊர்களில அரசியல் கதைக்கத் தொடங்கினால் எப்படியும் ஒரு கட்டத்தில யூதர் வந்துவிடுவார்கள். “யூதரைப் பாருங்கோ, அவ்வளவு பட்டும் கடைசியில தங்களுக்கெண்டு ஒரு நாடு எடுத்திட்டாங்கள்.” வெள்ளாங்குளத்திலயும் கேட்டிருக்கிறன், கம்பஸ் கன்ரீனிலயும் கேட்டிருக்கிறன். எனக்குத் திருப்பிக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: எந்த யூதரை?

தென்னாபிரிக்காவில் 1961 டிசெம்பரில் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கிய இயக்கம் உம்கொன்டோ வி சிஸ்வே, அதாவது ‘தேசத்தின் ஈட்டி’. மண்டேலாவோடு சேர்ந்து அதைக் கட்டியவர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான ஜோ ஸ்லோவோ. லிதுவேனியாவில் பிறந்து, சின்ன வயதில் தென்னாபிரிக்காவுக்கு வந்த யூதர். 1963 ஜூலையில் ரிவோனியாவில் இயக்கத்தின் பண்ணையைப் பொலிஸ் சுற்றிவளைத்தபோது பிடிபட்ட வெள்ளையர்களில் பெரும்பாலானோர் யூதப் பின்னணி உள்ளவர்கள். அவர்களில் டெனிஸ் கோல்ட்பேர்க் ஆயுள்தண்டனை பெற்றார். மண்டேலாவை றொபன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கோல்ட்பேர்க் வெள்ளையர், அதனால் அவரைப் பிரித்து பிரிட்டோரியாச் சிறையில் வைத்தார்கள். சிறைக்குள்ள கூட நிறம் பார்த்தார்கள். மொத்தம் 22 வருடம்.

இந்த ஆட்களுக்கு வாக்குரிமை இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

அதே இயக்கத்தில் எங்கட ஆட்களும் இருந்தார்கள். யொகன்னஸ்பேர்க் தமிழருக்குத் தலைமை தாங்கி, காந்தியின் போராட்டத்தில் சிறை போனவர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் நாசவேலை வழக்கில் பிடிபட்டு, 10 வருடம் தண்டனை அனுபவித்தார். அவர் தன் றொபன் தீவுக் கதையைச் சொல்ல, அதைப் புத்தகமாக்கியவர் அல்பி சாக்ஸ். அவரும் ஒரு யூதர். 1988இல் மபுட்டோவில் தன் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து சாக்ஸ் வலது கையை இழந்தார்.

இதை வைத்து “யூதர் எண்டால் இப்படித்தான்” எண்டு முடிச்சுப் போடவும் ஏலாது. ரிவோனியா வழக்கை அரச தரப்பில் நடத்திய பேர்சி யூட்டரும் யூதர்தான். கூண்டுக்குள்ளயும் யூதர், கூண்டுக்கு முன்னாலயும் யூதர். பட்ட துன்பம் ஒருத்தரையும் தானாக நீதிமானாக்காது. “எனக்கு நடந்தது ஒருத்தருக்கும் நடக்கக்கூடாது” எண்டும் நினைக்கலாம், “இனி எனக்கு மட்டும் நடக்கக்கூடாது” எண்டும் நினைக்கலாம்.

இந்தக் கேள்வி எங்களுக்கும் வந்தது. வெள்ளாங்குளத்தில இருந்து மன்னாருக்கு பஸ் ஏறினால் வழியில விடத்தல்தீவு வரும். 1990 ஒக்ரோபரில் அந்த ஊர் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் 70,000க்கும் மேற்பட்டவர்கள். ஒடுக்கப்பட்ட எங்கட பெயரில்தான் அதுவும் நடந்தது. அண்டைக்கு அந்தச் சனத்துக்காக எழும்பி நின்ற தமிழர் எத்தனை பேர் எண்டு எங்கட தலைமுறை பெரிதாகக் கேட்பதில்லை.

இனி ஆராவது “யூதரைப் பாருங்கோ” எண்டால், நாடு எடுத்த கதையோட நிறுத்தாதேங்கோ. தன்னைத் தொடாத சட்டங்களை எதிர்த்து 22 வருடம் உள்ள இருந்த மனுசனைப் பற்றியும் கதையுங்கோ. பிறகு விடத்தல்தீவைப் பற்றியும் கதைப்பம்.