உயரம் தெரியாமல் காலை விடாதே!

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்கும் குளத்துக்கும் சொன்ன பழமொழி. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களுக்கு அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும்: உயரம் தெரியாமல் காலை விடாதே! விடுதி வாடகை, ரயில் கட்டணம், ஸ்கீ பலகை, பூட்ஸ் எல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்தான். தங்கப் போகும் ஊர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? அங்கிருந்து கிளம்பும் லிஃப்ட் எத்தனை மீட்டர் வரை ஏறுகிறது?

காரணம் எளிய கணக்கு. மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 டிகிரி குறையும். 1000 மீட்டரில் இருக்கும் மொர்ஸின் ஊரில் 3 டிகிரி என்றால் அங்கே மழை பெய்யும். அதே நேரத்தில் 2300 மீட்டரில் இருக்கும் வால் தோரன்ஸில் மைனஸ் 5 டிகிரி அளவில் இருக்கும். அதே மேகம் அங்கே பனியாகக் கொட்டும். ஒரே மலைத்தொடர், ஒரே நாள்... ஒருவருக்குக் குடை, இன்னொருவருக்குக் கொண்டாட்டம்!

ஊரின் உயரம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஷமோனியை எடுத்துக்கொள்ளலாம். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது. ஊர் இருப்பது 1035 மீட்டரில்தான். ஆனால் அங்கிருந்து ஏறும் கேபிள் கார் 3842 மீட்டர் உயரமுள்ள எகுய் து மிடி சிகரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, 2000 மீட்டர் உயரத்தில் ஊர் எப்படி வந்தது? பழைய ஆல்ப்ஸ் விவசாயிகளில் பெரும்பாலோர் அங்கே குளிர்காலத்தில் குடியிருக்கவில்லை. கோடையில் மாடுகளை மேய்க்க மட்டும் மேலே போவார்கள். குளிர் வந்தால் கீழே இறங்கிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கதை மாறியது. 1946-இல் கூர்ஷெவெலில் வெறும் மேய்ச்சல் நிலத்தில் புதிதாக ஒரு ஸ்கீ நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கு இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊர் காலியாகாமல் இருக்க லா பிளான்ய் 1961-இல் திறக்கப்பட்டது. பிறகு அரசே களத்தில் இறங்கியது. 1964 முதல் 1977 வரை நடந்த 'பனித் திட்டம்' மலை உச்சிகளுக்குக் கீழே கான்கிரீட் நகரங்களை எழுப்பியது. கார் நுழையாத அவோரியாஸ், கட்டடக் கலைஞர் ஷார்லோத் பெரியாங் உருவாக்கிய லேசார்க் எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள். இந்த அடுக்குமாடிகளை அசிங்கம் என்று திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் வாசலிலேயே ஸ்கீ மாட்டிக்கொண்டு சறுக்கலாம் என்ற வசதியும், நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒரு சின்ன அறை கிடைக்கும் என்ற வாய்ப்பும் அந்தக் கட்டடங்கள் தந்தவைதான்.

அடுத்த கேள்வி, எப்போது போவது? பிரான்ஸில் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குளிர்கால விடுமுறை ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வாரம். மூன்றும் ஒரே நேரத்தில் வராமல், பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நான்கு வாரங்களில் பரத்திவிடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான், கூட்டம் பிரியட்டும் என்று. ஆனாலும் இரண்டு மண்டலங்கள் சேர்ந்து வரும் வாரங்களில் லிஃப்ட் வரிசை நீளும், வாடகை எகிறும். போதாக்குறைக்கு வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு கூட்டம் இறங்க, ஒரு கூட்டம் ஏற, பள்ளத்தாக்குச் சாலையில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும். பள்ளிக்கூடக் கவலை இல்லாதவர்களுக்கு ஜனவரியின் நடு வாரங்கள் மலிவு, கூட்டமும் குறைவு (குளிர் மட்டும் கடிக்கும்). மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் தாழ்வான இடங்களில் மதியத்துக்கு மேல் பனி இளகிக் கூழாகிவிடும்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பாரிஸில் இருக்கும் அப்பா, அம்மா, எட்டு வயது மகள், எழுபதைத் தொடும் பாட்டி. அப்பா சின்ன வயதில் சறுக்கியவர். அம்மா கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். மகளுக்கு இதுதான் முதல் தடவை. பாட்டி ஸ்கீ பக்கமே போகமாட்டார், ஆனால் பேத்தி சறுக்குவதைப் பார்க்க வேண்டும். பிப்ரவரிப் பயணத்துக்கு அக்டோபரிலேயே பணம் கட்ட வேண்டும். அதாவது நான்கு மாதம் கழித்து வரப்போகும் வானிலை மீது பந்தயம் கட்டுகிறார்கள். ஒரு வருடம் சேர்த்த பணம்.

பாதுகாப்பாகப் பந்தயம் கட்ட நினைத்தால் வால் தோரன்ஸ் போகச் சொல்வார்கள். ஐரோப்பாவிலேயே உயரமான ஸ்கீ நகரம். மூன்று பள்ளத்தாக்குகளை இணைத்து 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள். பனி இல்லாமல் போகுமோ என்ற பயம் மிகக் குறைவு. ஆனால் இந்த முழுப் பகுதிக்கும் ஆறு நாள் லிஃப்ட் பாஸ் ஒருவருக்குச் சுமார் 400 யூரோ. முதல் தடவை சறுக்கும் குழந்தைக்கு 600 கிலோமீட்டர் எதற்கு? அவள் உலகம் முதல் மூன்று நாளும் ஒரு சின்னச் சரிவுதான்! தொடக்கக்காரர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் பாஸ் தரும் ஊர்கள் நிறைய உண்டு. சில இடங்களில் பயிற்சிச் சரிவு லிஃப்ட் இலவசம். இதைக் கேட்காமல் பெரிய பாஸை வாங்கிவிடுவது வீண் செலவு.

உயரத்துக்கு வேறு விலைகளும் உண்டு. வால் தோரன்ஸ் இருப்பது மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே. புயலடித்தால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிப் பாதை தெரியாது. பலத்த காற்று வந்தால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். காட்டுக்கு நடுவே போகும் தாழ்வான பாதைகளில் அப்போதும் மரங்களை அடையாளம் வைத்துச் சறுக்க முடியும். சறுக்காத பாட்டிக்கு அங்கே காட்டுப் பாதையும் இல்லை, நூறு வருடத்துத் தேவாலயமும் இல்லை. ஒரு வாரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான்.

பாதைகளுக்கு நிறம் உண்டு என்பதையும் அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு மட்டும். சிவப்பு உடை அணிந்த பிரெஞ்சு ஸ்கீ பள்ளி ஆசிரியர்கள் எல்லாப் பெரிய ஊர்களிலும் இருக்கிறார்கள். விடுமுறை வாரங்களில் குழந்தைகள் வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், வீட்டுக்கு முன்பணம் கட்டும் அன்றே வகுப்புக்கும் சொல்லிவிடுவது நல்லது. பாதையில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் மீட்புக் குழு வரும், கூடவே பில்லும் வரும். ஒரு நாளைக்குச் சில யூரோ கொடுத்தால் பாஸுடன் காப்பீடு கிடைக்கிறது, அதில் கஞ்சத்தனம் கூடாது. குறியிட்ட பாதையை விட்டு வெளியே போக நினைக்கும் அப்பாக்கள், அன்றைய பனிச்சரிவு அபாய எண்ணைப் பார்க்க வேண்டும். 1 முதல் 5 வரை அளவு. 3 என்றால் பாதிதானே என்று நினைப்பது தவறு. உயிரிழப்புகளில் பெரும்பகுதி 3, 4 எண்கள் உள்ள நாட்களில்தான் நடக்கிறது. காரில் போகிறவர்கள் குளிர்கால டயரோ டயர்ச் சங்கிலியோ வைத்திருக்க வேண்டும். 2021 நவம்பர் முதல் மலை மாவட்டங்களில் குறிப்பிட்ட ஊர்களில் இது சட்டம்.

இதுவரை சொன்னது எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். கையேடுகள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எல்லோரும் புத்திசாலித்தனமாக உயரத்தைப் பார்த்தே முடிவெடுத்தால், கீழே இருக்கும் ஊர்கள் என்ன ஆகும்?

க்ரெனோபிளுக்கு அருகே 1325 மீட்டரில் கொல் த போர்த் என்ற கணவாய் இருக்கிறது. 1960-லிருந்து அங்கே பனியின் ஆழத்தை அளந்து வருகிறார்கள். 1960-90 காலத்து சராசரியோடு அடுத்த முப்பது வருடங்களை ஒப்பிட்டால், குளிர்காலப் பனியின் ஆழம் சுமார் 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. ஐரோப்பாவின் 2234 ஸ்கீ இடங்களை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பூமி 2 டிகிரி சூடானால் அவற்றில் 53 சதவீதம் பனிப் பற்றாக்குறையின் மிகக் கடுமையான அபாயத்தில் சிக்கும் என்கிறது. 4 டிகிரி என்றால் 98 சதவீதம்! செயற்கைப் பனி இருக்கிறதே என்று கேட்கலாம். பாதிப் பரப்பில் அதைப் போட்டால், 2 டிகிரி நிலையில் 53 என்பது 27 ஆகக் குறையும். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர் வேண்டும். காற்று போதுமான அளவு குளிரவில்லை என்றால் வழக்கமான பனி இயந்திரங்கள் பனி தராது.

விளைவு தெரியத் தொடங்கிவிட்டது. 2023-இல் லா சாம்புயி என்ற சின்ன ஸ்கீ இடத்தின் லிஃப்டுகளை மூடிவிட உள்ளூர் மன்றம் முடிவெடுத்தது. உச்சியே 1850 மீட்டர்தான். பனிக் காலம் சில வாரங்களாகச் சுருங்கி, நஷ்டம் தாங்க முடியாமல் போனது. இப்படிப்பட்ட இடங்கள் பணக்காரர்களின் விளையாட்டு மைதானமாக ஒருபோதும் இருந்ததில்லை. பக்கத்து நகரத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து போகும் சரிவுகள் அவை. 1950-களில் பாரிஸை ஒட்டிய வான்வ் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு பனிக்கு அனுப்பினார்கள். காலையில் பாடம், மதியம் சறுக்கு. அவர்கள் போனது லா ஃபெக்லாஸ் என்ற இடத்துக்கு. அதுவும் 1300 மீட்டர் சுற்றுவட்டாரம்தான். நாட்டில் பலருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவை இந்தத் தாழ்வான சரிவுகள். பிரெஞ்சுக்காரர்களில் ஒரு குளிர்காலத்தில் ஸ்கீக்குப் போகிறவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல் இல்லை. பனி மேலே ஏற ஏற விலையும் ஏறும், அந்த ஒருவர் யார் என்பதும் மாறும்.

அதற்காக அந்தக் குடும்பம் மழையில் நனையத் தெரிந்தே கீழ் ஊருக்குப் போக வேண்டுமா? தேவையில்லை, நடு வழி ஒன்று உண்டு. பூர்-சாங்-மொரீஸ் என்ற ஊர் சுமார் 800 மீட்டரில் இருக்கிறது. வருடம் முழுக்க மக்கள் வாழும் ஊர். கடைத்தெரு, பேக்கரி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. பாரிஸிலிருந்து குளிர்காலத்தில் நேரடி ரயில்கள் அங்கேயே வந்து நிற்கின்றன. ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்து கிளம்பும் மலை ரயில் ஏழு நிமிடத்தில் லேசார்க்கின் 1600 மீட்டர் கிராமத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து லிஃப்ட் 3000 மீட்டருக்கு மேல் போகிறது. மகளுக்குப் பனி கிடைக்கும், அப்பாவுக்கு உயரம் கிடைக்கும். பாட்டிக்கு நடக்க ஒரு தெரு இருக்கும், பேத்தியைப் பார்க்க ஏழு நிமிடம் போதும். காரும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். ஒரு ஸ்கீ விடுமுறையில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு போக்குவரத்தில்தான் என்பதால், ரயிலில் போவது அந்தப் பனிக்கே செய்யும் சின்ன உபகாரம்.

இன்னொரு யோசனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏழு நாளில் ஒரு நாளை ஸ்கீ இல்லாமல் விட்டுவைத்து, பக்கத்தில் இருக்கும் ஒரு தாழ்வான கிராமத்தில் செலவழிக்கலாம். பனி இருந்தால் குழந்தைகளின் சறுக்கு வண்டி, இல்லையென்றால் நடை, சாயங்காலம் அந்த ஊர்ச் சீஸ், ரொட்டி. செலவு பெரிதாக ஆகாது. ஆனால் லிஃப்ட் நின்ற பிறகும் அந்த ஊர் பிழைத்திருக்க வேண்டுமானால், பனியைத் தவிர வேறு எதற்காகவும் அங்கே ஆள் வர வேண்டும்.

2030 குளிர்கால ஒலிம்பிக் மறுபடி பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு வருகிறது. அந்த எட்டு வயதுப் பெண் அதைத் தொலைக்காட்சியில் பார்ப்பாள். இன்னும் முப்பது வருடம் கழித்து, தன் குழந்தையை அழைத்துக்கொண்டு போக அவளும் ஓர் அக்டோபரில் பட்டியலை எடுப்பாள். அப்போதும் முதலில் உயரத்தைத்தான் பார்ப்பாள். பார்த்த உயரத்துக்குக் கையில் காசு இருக்குமா என்பதுதான் கேள்வி.