பாயின்ட் இருக்கா? அந்தமானுக்குப் பறக்கலாம்!

சென்னையிலிருந்து அந்தமானுக்கு இரண்டே வழிகள். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம் சொச்சம். ரயிலும் பஸ்ஸும் எட்டாத ஊர் என்பதால், குடும்பத்தோடு கிளம்பினால் செலவில் பெரும்பங்கை டிக்கெட்டே விழுங்கிவிடும். கிரெடிட் கார்டில் சும்மா கிடக்கும் ரிவார்டு பாயின்ட்களுக்கு உருப்படியான வேலை கொடுக்க ஏற்ற பயணம் இது.

பாயின்ட்டை டிக்கெட்டாக்க இரண்டு முறைகள் உண்டு. வங்கியின் பயணத் தளத்திலேயே டிக்கெட் போட்டு, பாயின்ட்டைக் கழித்துக்கொள்வது சுலபம். இன்னொன்று, விமான நிறுவனத்தின் உறுப்பினர் கணக்குக்கு பாயின்ட்டை மாற்றி, அங்கே டிக்கெட் எடுப்பது. இதில் சில சமயம் மதிப்பு கூடும். ஆனால், இந்த வகை சீட்டுகள் குறைவு. பள்ளி விடுமுறையில் கிடைப்பது கஷ்டம். மாற்றிய பாயின்ட் பொதுவாக வங்கிக்குத் திரும்பாது. அதனால் முதலில் சீட் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். வரி, கட்டணங்களைப் பெரும்பாலும் கைக்காசில்தான் கட்ட வேண்டும்.

இனி ஒரு கணக்கு. 100 ரூபாய் செலவுக்கு 2 பாயின்ட், ஒரு பாயின்ட் 25 பைசா என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் செலவழித்தால் கிடைப்பது 500 ரூபாய். அதே கார்டில் 50,000 ரூபாய் பாக்கி நின்று, மாத வட்டி 3.5 சதவிகிதம் என்றால், ஒரே மாதத்தில் 1,750 ரூபாய் போய்விடும். மூன்றரை லட்ச ரூபாய் செலவழித்துச் சேர்த்தது ஒரு மாத வட்டியில் கரைந்துவிடும்! மாதாமாதம் பில்லை முழுசாகக் கட்டுகிறவர்களுக்கே பாயின்ட் லாபம். பாயின்ட்டுக்காகத் தேவையில்லாததை வாங்கினாலும் நஷ்டம்தான்.

டிக்கெட்டில் மிச்சமான பணத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கடைத்தெருவில் தமிழ் சகஜமாகக் காதில் விழும். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல ஏழு கட்டடங்கள் இருந்தன. இன்று மிஞ்சியவை மூன்று. ஒரு கட்டடத்தின் அறைகள் அடுத்ததன் முதுகைப் பார்த்தபடி இருக்கும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

அங்கிருந்து படகில் ஸ்வராஜ் தீவு. ஹேவ்லாக் என்ற பழைய பெயர்தான் பலருக்குப் பழக்கம். ராதாநகர் கடற்கரை அங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால், மதியமே கிளம்புங்கள். படகுக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மழை குறைந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. இன்றே கார்டு ஆப்பைத் திறந்து, எத்தனை பாயின்ட் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். அப்படியே பாக்கி எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். பாக்கி இருந்தால் அதை அடைத்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.