சூப்பர்மோக் சொல்லாமல் வைத்தது

ஜொகூர் மாநிலக் காற்பந்து ரசிகர்களுக்கு 1991ஆம் ஆண்டு மறக்க முடியாத ஆண்டு. லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஜொகூர்க் குழு ஒரே ஆண்டில் வென்றது. மைக்கேல் உருகாலோ பயிற்றுநராக இருந்தார். அப்பாஸ் சாட், அலிஸ்டர் எட்வர்ட்ஸ் ஆகிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கோல் பகுதியை நெருங்கினாலே எதிரணி பதறும். கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என்ற கணக்கில் ஜொகூர் வீழ்த்தியது. 2014 தொடங்கி ஜொகூர் டாருல் தக்சிம் குழு ஆண்டுதோறும் லீக் பட்டம் வெல்வதைப் பார்த்து வளர்ந்த இன்றைய மாணவர்களுக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. அன்று அது பெரிய செய்தி.

அதே ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நாடு முழுவதையும் வருத்திய ஒரு செய்தி வந்தது. மொக்தார் டஹாரி காலமானார். அவருக்கு வயது 37.

ஜொகூர் ரசிகர்களுக்கு மொக்தார் எதிரணிக்காரர். சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையில்தான் அவரை அவர்கள் பார்த்திருந்தார்கள். 1985இல் ஜொகூர் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த மகிழ்ச்சி ஓராண்டுதான் நீடித்தது. 1986 இறுதியாட்டத்தில் சிலாங்கூர் ஜொகூருக்கு எதிராக 6 கோல்கள் போட்டு, ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டது. அப்படிப்பட்ட சிலாங்கூரின் அடையாளமாக இருந்தவர் மொக்தார். ஆனால், அவரே தேசியச் சட்டையை அணிந்து திடலில் இறங்கும்போது, கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் அவர் நம்மவர் ஆகிவிடுவார்.

மொக்தார் 1953 நவம்பர் 13இல் செத்தாபாக்கில் பிறந்தவர். 1972இல் சிலாங்கூர்க் குழுவில் இடம்பிடித்தார். தேசியக் குழுவுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தார் என்று அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் கணக்கு சொல்கிறது. ஹங்கேரியின் புகழ்பெற்ற புஷ்காஷ் தம் நாட்டுக்காக அடித்தவை 84. எண்களை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடக் கூடாதுதான். எதிர்த்து ஆடிய அணிகளும் வேறு வேறு. என்றாலும், ஆசியாவின் ஒரு சிறிய நாட்டுக்காரர் அந்தப் பட்டியலில் அவ்வளவு மேலே நிற்பது சாதாரணம் அன்று.

அவர் உயரமானவர் அல்லர். திடமான தொடைகளும் சட்டெனப் பாயும் வேகமும் அவருக்கு வாய்த்திருந்தன. 1975இல் கோலாலம்பூருக்கு வந்த இங்கிலாந்தின் ஆர்சனல் குழு 2-0 என்று தோற்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மொக்தார். 1978இல் இங்கிலாந்தின் 'பி' அணி மெர்டேக்கா அரங்கில் விளையாடியது. பின்னாளில் இங்கிலாந்தின் தேசியப் பயிற்றுநரான பாபி ராப்சன்தான் அந்த அணியை அழைத்து வந்திருந்தார். நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு, எதிரே வந்தவர்களை ஒவ்வொருவராகக் கடந்து மொக்தார் போட்ட கோலை அன்று பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. மக்கள் அவரைச் 'சூப்பர்மோக்' என்று அழைத்தார்கள்.

அதே காலத்தில் திடலின் மறுமுனையில் நின்றவர் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை விரித்து அவர் பந்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். தோட்டத் திடல்களில் வெறுங்காலுடன் பந்து உதைத்த தமிழ்ப் பையன்கள் பலர் கோல்காவலராக நிற்கத் தாமே முன்வந்ததற்கு அவர் ஒரு காரணம். மொக்தாரும் ஆறுமுகமும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஒன்றாக ஆடியவர்கள். ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு 35 வயது. ஒருவரை மரணம் ஒரே நொடியில் கொண்டுபோனது. மற்றவரிடம் அது மெதுவாக, ஒவ்வொரு தசையாகத் தேடி வந்தது.

இன்றைய ஆட்டக்காரர்களுக்குக் காற்பந்தே தொழில். மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கூட வேறு வேலை பார்த்தாக வேண்டும். மொக்தார் வங்கி ஊழியராக இருந்தார். அந்த வங்கிக் குழுவுக்கும் விளையாடினார். பகலில் அலுவலகம், மாலையில் பயிற்சி, வார இறுதியில் பல்லாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூவும் அரங்கம். உடற்பயிற்சி வல்லுநரோ உணவு ஆலோசகரோ அன்று குழுவோடு வரும் வழக்கம் இல்லை. கால் வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவார்கள்.

1980களின் பிற்பகுதியில் அவர் ஆட்டத்திலிருந்து மெல்ல விலகி, குழுவை வழிநடத்தும் பொறுப்புக்கு வந்தார். சில காலம் இரண்டையும் சேர்த்தே சுமந்தார். ஆட்டக்காரர் பயிற்றுநராக மாறுவது பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தெரியும். ஆடும்போது ஒருவருக்குத் தம் கால்கள் போதும். எப்படி அடித்தாய் என்று கேட்டால் மொக்தார் போன்றவர்களுக்கு விளக்கம் தரத் தெரியாமல்கூடப் போகலாம். கால் தானாகவே போய்விடுகிறது. பயிற்றுநருக்கு அந்தக் கால்கள் பயன்படா. பதினொரு பேருடைய கால்களைத் தம் பேச்சால் இயக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று உரக்கச் சொல்ல வேண்டும். உடை மாற்றும் அறையில் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். துவண்டவனிடம் ஒரு விதமாகவும் தலைக்கனம் பிடித்தவனிடம் வேறு விதமாகவும் பேச வேண்டும். பயிற்றுநரின் கருவி குரல்தான்.

மொக்தாருக்கு நோயின் அறிகுறி தொண்டையில்தான் தெரிந்தது.

முதலில் அது சாதாரணத் தொண்டைக் கோளாறு என்றே எண்ணத் தோன்றியது. இலண்டன் சென்று பரிசோதித்துக்கொண்டபோதுதான் உண்மை தெரிந்தது. அவருக்கு வந்திருந்தது இயக்க நரம்பணு நோய்.

உடலின் ஒவ்வோர் அசைவுக்கும் மூளையிலிருந்து கட்டளை வர வேண்டும். அந்தக் கட்டளையை மூளையும் தண்டுவடமும் வழியாகத் தசைக்குக் கொண்டுசேர்ப்பவை இயக்க நரம்பணுக்கள். இந்த நோயில் அவை ஒவ்வொன்றாக அழிகின்றன. தசையில் முதலில் எந்தக் குறையும் இருப்பதில்லை. கட்டளைதான் வந்து சேர்வதில்லை. நடுத்திடலிலிருந்து பந்து வராவிட்டால் எவ்வளவு திறமையான தாக்குதல் ஆட்டக்காரரும் சும்மா நிற்க வேண்டியதுதானே? வேலையற்ற தசை மெலிந்து சுருங்குகிறது. கை, கால், நாக்கு, தொண்டை என்று நோய் பரவி, முடிவில் மூச்சுவிட உதவும் தசைகளையும் எட்டுகிறது. ஆனால், கண் பார்க்கிறது, காது கேட்கிறது, தொடுவதை உணர முடிகிறது. பெரும்பாலோருக்குச் சிந்தனையும் தெளிவாகவே இருக்கிறது. தம் உடல் கைவிட்டுப் போவதை நோயாளி விழிப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறார். இதனினும் கொடிய நோய் எது என்று சொல்வது கடினம்.

நோய் தொடங்கியபின் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரைதான் பெரும்பாலோர் உயிர் வாழ்கிறார்கள். அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 21 வயதில் இந்நோய்க்கு ஆளாகி 76 வயதுவரை வாழ்ந்தது அரிதினும் அரிது. நோயைச் சற்றே தாமதப்படுத்தும் முதல் மருந்து அமெரிக்காவில் 1995இல் அனுமதிக்கப்பட்டது. மொக்தார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மருந்தாலும் சில மாதங்களையே கூட்ட முடிந்தது.

காற்பந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி ஆய்வாளர்களை நெடுநாளாகக் குடைந்து வருகிறது. இத்தாலியில் 7,325 தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. கணக்குப்படி ஒருவருக்குக்கூட வந்திருக்கத் தேவையில்லாத இந்நோய் அவர்களில் ஐந்து பேருக்கு வந்திருந்தது. 2019இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் முன்னாள் ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். நரம்பு, மூளைத் தேய்வு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடையே ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதியாக இருந்தது. பந்தைத் தலையால் முட்டுவது காரணமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதே கிளாஸ்கோ ஆய்வில் இதய நோயால் இறந்த ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவு என்பதும் தெரிந்தது. ஆகவே, காற்பந்துதான் மொக்தாரைக் கொன்றது என்று யாராவது சொன்னால், அது அவசரத் தீர்ப்பு. இந்நோய் பந்தையே தொடாதவர்களுக்கும் வருகிறது.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மொக்தார் எடுத்த முடிவுதான் நம்மை நின்று யோசிக்க வைக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், அதற்கு மேல் தெரிய வேண்டாம் என்று வைத்துக்கொண்டார். தசை நோய் என்று பொதுவாகச் சொல்லப்பட்டதை நாடு நம்பியது. உடன் ஆடிய நண்பர்கள் வந்து பார்த்தார்கள். அவர் மெலிந்திருப்பதை அவர்களால் பார்க்க முடிந்தது. காரணத்தை அறிய முடியவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

இதே நோய்க்கு ஆளான வேறு சிலர் வேறு வழியில் போனார்கள். இங்கிலாந்தின் டான் ரெவி முன்னாள் ஆட்டக்காரர். லீட்ஸ் குழுவுக்கும் பின்னர் இங்கிலாந்துத் தேசியக் குழுவுக்கும் பயிற்றுநராக இருந்தவர். தமக்கு நோய் வந்திருப்பதை அவர் 1987இல் வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு லீட்ஸ் அரங்கில் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடந்தபோது சக்கர நாற்காலியில் வந்து அமர்ந்தார். 1989இல் இறந்தார். இத்தாலியின் ஸ்டெஃபானோ போர்கோனோவோ ஒரு தாக்குதல் ஆட்டக்காரர். ஓய்வுக்குப்பின் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவர் 2008இல் தம் நோயை அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவருக்காக ஃபியோரெந்தீனாவும் மிலானும் ஆடின. அவருடன் ஒருகாலத்தில் தாக்குதலில் இணைந்து ஆடிய ரொபேர்த்தோ பாஜியோ, அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார். குரல் போனபின் போர்கோனோவோ கணினியின் உதவியோடு கண்ணசைவால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பேசினார். அப்படியே தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி முடித்து, 2013இல் 49 வயதில் காலமானார். அவரது பெயரில் அமைந்த அறநிறுவனம் இந்நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியது.

இவர்கள் துணிந்தவர்கள், மொக்தார் தயங்கியவர் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடலாம். அது நியாயம் ஆகாது. போர்கோனோவோவுக்குக் கண்ணசைவைப் பேச்சாக்கும் கணினி இருந்தது. 1980களின் இறுதியில் மலேசியாவில் இந்நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே சிலர்தான். சொல்லியிருந்தால் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருக்கும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரங்கத்தில் கண்ட ஆளைத் தேடி வருபவர்கள் படுக்கையில் வேறோர் ஆளைக் கண்டிருப்பார்கள். பல ஆண்டுகள் தம் உடலை நாட்டுக்குக் காட்டி மகிழ்வித்தவர், அது தளர்ந்தபின் காட்ட மறுத்தார். அந்த உரிமை அவருக்கு உண்டு.

ஆனாலும், அந்த மௌனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதே நோயோடு இந்நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் படுத்திருந்தவருக்கு, சூப்பர்மோக்குக்கும் இதேதான் என்று தெரிந்திருந்தால் ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். அவரைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும், பாரத்தை வெளியே சொல்லி இறக்கிவைக்கச் சிலர் கிடைத்திருப்பார்கள். நோயாளியின் இரகசியத்தைப் பெரும்பாலும் சுமப்பவர் அருகில் இருப்பவரே.

நாடு உண்மையை அறிந்தது 2010இல். அவரைப் பற்றிய ஓர் ஆவணப்படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நோயின் சரியான பெயர் அதில்தான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. மொக்தார் இறந்து 19 ஆண்டுகள் கடந்திருந்தன. அவருடைய ஆட்டத்தை நேரில் பார்த்த தலைமுறைக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆர்சனலுக்கு எதிராக அவர் அடித்த இரண்டு கோல்களை அவர்கள் மீண்டும் பிள்ளைகளிடம் விவரித்தார்கள். இந்த முறை அந்த நோயின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள்.