தனுஷ்கோடியில் கிளிஞ்சல் பொறுக்கினோம்

மாமனார் தவறியதிலிருந்து என் மாமியார் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. போன ஆடி அமாவாசைக்கு அவர்களை ராமேஸ்வரம் அழைத்துப்போய் திதி கொடுத்தோம். அங்கும் மௌனம்தான். மறுநாள் காலை தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம்.

1964 டிசம்பர் புயல் அழித்த ஊர். இடிந்து நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் தாண்டி, அரிச்சல்முனை வரை இப்போது நல்ல ரோடு இருக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் 'ஆண் கடல்' என்கிறார்கள். மறுபக்கம் பாக் ஜலசந்தி. அது 'பெண் கடல்'. ஆடிக் காற்றில் ஆண் கடல் இரைய, பெண் கடல் குளம் மாதிரி கிடந்தது.

என் கடைசிப் பெண் கிளிஞ்சல் பொறுக்க ஓடினாள்.

"அம்மா, பெரிசெல்லாம் தண்ணிகிட்டயே கிடக்கு. பொடிசெல்லாம் மேலே கோடு போட்ட மாதிரி இருக்கு. யாரும்மா பிரிச்சு வெச்சது?"

நான் விழித்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அரிசி அரிக்கிறோமே, அது மாதிரிதான்டி. தண்ணியை ஆட்டினா அரிசி தண்ணியோட போயிடும், கல்லு அடியிலே தங்கிடும்."

பேசியது மாமியார்தான்!

உண்மையும் அதுவே. அலை வேகமாக ஏறுகிறது. மேலே போகப் போக வேகம் குறைகிறது. தண்ணீரில் கொஞ்சத்தை மணலும் குடித்துவிடுகிறது. திரும்பும் தண்ணீருக்கு அத்தனை பலமில்லை. அதனால் கனமான சங்கும் சிப்பியும் கீழே தங்க, லேசான சில்லுகள் அலை எட்டிய மட்டில் வரிசையாக நின்றுவிடுகின்றன. கிளிஞ்சல்கள் பெரும்பாலும் கவிழ்ந்தே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மல்லாந்து கிடந்தால் அலை புரட்டிவிடும். கவிழ்ந்துவிட்டால் தண்ணீர் முதுகின் மேல் வழுக்கிப் போய்விடும்.

பெண் ஒரு சிப்பிக்கு ஜோடி தேடினாள். கிடைத்ததெல்லாம் ஒரே பக்கத்து ஓடு. இரண்டு ஓடும் நம் இடது கை, வலது கை போல. சாய்ந்து வரும் அலை ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை வேறு பக்கமும் தள்ளிக்கொண்டு போய்விடுவதுண்டு.

"ஜோடி கிடைக்கலையே அப்பத்தா!" என்று சிணுங்கினாள்.

மாமியார் அந்த ஒற்றை ஓட்டை வாங்கி, மணலைத் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

"ஒத்தையா இருந்தாலும் இதுவும் அழகாத்தான் இருக்கு."

குழந்தைகளோடு போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: காலிச் சங்கென்று எடுத்தால் உள்ளே சின்ன நண்டு குடியிருக்கும். உயிருள்ளதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

திரும்பும் வழியெல்லாம் மாமியார் பேசிக்கொண்டே வந்தார்கள். முழுக்க மாமனாரைப் பற்றித்தான்.