வாதாட மறுத்த ஆயர்

ஆகஸ்ட் 27 புனித மோனிக்காவின் திருநாள். மறுநாள் அவருடைய மகன் புனித அகுஸ்தினாருக்கு. தாயையும் மகனையும் அடுத்தடுத்து நினைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன வயதில் கோவில் பிரசங்கங்களில் நான் கேட்டதெல்லாம் அந்தத் தாயின் கண்ணீரைப் பற்றித்தான். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்ட இந்த வயதில், என் மனம் அந்தக் கதையில் வேறோர் ஆளிடம் போய் நிற்கிறது. அகுஸ்தினார் பெயர்கூடச் சொல்லாமல் விட்ட ஓர் ஆயர்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் 354இல் பிறந்தவர் அகுஸ்தினார். கெட்டிக்காரப் பிள்ளை. கார்த்தேஜுக்குப் படிக்கப் போன இடத்தில் மானிக்கேயர் சபையில் சேர்ந்துவிட்டார். ஒளியும் இருளும் இரண்டு சக்திகளாக மோதிக்கொண்டே இருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்ட மகனோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத் தாய்க்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு கனவு கண்டு மனம் தேறிச் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் ஆறவில்லை. வேதம் கற்ற அந்த ஆயரிடம் போய், அவனோடு பேசித் திருத்துங்கள் என்று கெஞ்சினார்.

ஆயர் மறுத்துவிட்டார். புதுக் கொள்கையின் மிதப்பில் இருக்கிறவன் காதில் இப்போது எதுவும் ஏறாது. விட்டுவிடு, அவனுக்காக வேண்டிக்கொள், படித்துப் படித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். தன் கதையையும் சொன்னார். சிறுவயதில் அவருடைய தாயே அவரை மானிக்கேயர்களிடம் ஒப்படைத்திருந்தார். அவர்களுடைய நூல்களை அநேகமாக எல்லாம் படித்து, கைப்பட நகலும் எடுத்தவர், யாரும் வாதாடாமலே தெளிந்து வெளியே வந்தார். மோனிக்கா விடாமல் அழுதார். கடைசியில் ஆயருக்குச் சலிப்பே வந்துவிட்டது. போய் வா, இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோக மாட்டான் என்று அனுப்பினார்.

பிரசங்கங்களில் இந்தக் கடைசிப் பேச்சுதான் வரும். எனக்கோ அதற்கு முன் அவர் சொன்ன 'விட்டுவிடு'தான் பெரிது. அந்தச் சபையை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். வாயைத் திறந்திருந்தால் ஜெயித்திருக்கலாம். தோற்ற பையன் வீம்புக்காகவே அங்கேயே கிடந்திருப்பான். பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து இளசுகளுக்குப் புத்தி சொன்ன பஞ்சாயத்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தலை ஆடும், மனம் அசையாது.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. சுமார் ஒன்பது ஆண்டு போனது. ஃபௌஸ்துஸ் என்ற புகழ்பெற்ற மானிக்கேயத் தலைவர் வந்தார். அகுஸ்தினாரின் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை. அங்கேதான் பிடி தளர்ந்தது. 383இல் தாய்க்குத் தெரியாமல் இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பல் ஏறினார். அடுத்து மிலான். தாயும் கடல் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தார். 387 உயிர்ப்பு விழாவில் மிலான் ஆயர் அம்புரோசியார் மகனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்.

இடையில் ஒன்று நடந்தது. மகனுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேச மோனிக்கா முன்னின்றார். பல ஆண்டு அகுஸ்தினாரோடு வாழ்ந்து ஒரு பிள்ளையும் பெற்ற பெண், பிள்ளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் மோனிக்காவுக்குப் பொறுமை போதவில்லை என்றே நினைக்கிறேன். புனிதர் என்பதற்காக அதை மூட வேண்டியதில்லை.

அதே 387இல், ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் விழுந்தார். கணவர் பக்கத்தில் தன்னை அடக்கம் செய்ய ஊரில் இடமே ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். இப்போது அதெல்லாம் வேண்டாம், இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். இறந்தபோது அவருக்கு 56ஆம் வயது நடந்தது, மகனுக்கு 33ஆம் வயது.