கூலியும் கட்டணமும்

தமிழாசிரியர் ஒருவருக்குக் கார் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சிலர் உளர். அவர்களுக்கு முதலில் விடை கூறிவிட வேண்டும். எமது வீடு திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகில் உள்ளது. நாம் கற்பிக்கும் பாடசாலையோ குடாவின் மறுகரையில், மூதூர்ப் பக்கத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தரைவழிப் பயணம் எளிதாயிற்று. ஆயினும் பேருந்து தவறினால் முதற்பாடமும் தவறும். வீட்டில், மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டிய நிலையில் தாயார் இருக்கிறார். ஆகவே 2019இல் வங்கிக் கடன் பெற்று, இந்தியாவிற் செய்யப்பட்ட பழைய சிறு கார் ஒன்றை வாங்கினோம்.

வாங்கிய மறு ஆண்டே காலம் மாறியது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அக்கதவு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடையில் வந்தது 2022ஆம் ஆண்டின் நெருக்கடி. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை, மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றோம். உதிரிப்பாகங்களின் விலை எமது சம்பளத்தை ஏளனம் செய்யத் தொடங்கியது. புதிய வண்டி வாங்குவது கனவாகிவிட்ட அந்நாட்களில், இருக்கும் வண்டியைப் பேணிக்கொள்வது ஆடம்பரமாக அன்றி வாழ்க்கைத் தேவையாகவே ஆயிற்று.

இவ்வளவும் முன்னுரை. நாம் கூறவந்தது ஒரு பற்றுச்சீட்டைப் பற்றி.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வழக்கமான சேர்விஸ் ஒன்றுக்காக எமது காரை ஒரு பெரிய நிறுவனத்தின் நிலையத்துக்குக் கொண்டுசென்றோம். குளிரூட்டிய அறை, மெத்தை நாற்காலி, கேட்காமலே வரும் கோப்பி. அறைக்கும் வேலைத்தலத்துக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். ஒரு மணிநேரத்தின் பின் பற்றுச்சீட்டு வந்தது. மொத்தம் 31,750 ரூபா. ஒயில், ஒயில் பில்ரர் ஆகியவற்றின் கீழே, நாம் கேட்டிராத ‘என்ஜின் உட்கழுவல்’ என்று ஒன்று. ‘சுற்றாடற் கட்டணம்’ என்று ஒன்று. ‘வேலைக்கூலி’ 7,500 ரூபா. அனைத்துக்கும் மேலாக 18 வீத வரி. கடன் தவணை கழிந்து மாதாமாதம் எமது கைக்கு வருவதில் பாதிக்குமேல் அந்தத் தாளிற் போயிற்று.

பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, “சேர், என்னைத் தெரியுதா?” என்று ஒரு குரல். ஒயில் படிந்த நீலச் சட்டையுடன் ஓர் இளைஞன் நின்றான். சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவன். சாதாரண தரத்திற் சித்தியடையாமல் பாடசாலையை விட்டவன். எமது காருக்கு ஒயில் மாற்றியவன் அவனே. எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டோம். அரைமணி என்றான். ஒருநாளில் எத்தனை வண்டி என்று கேட்டோம். ஆறு அல்லது ஏழு என்றான். நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்க எமக்கு நாக்கூசிற்று, ஆயினும் கேட்டோம். “ரெண்டாயிரம், சேர்.”

ஒரு வண்டிக்கு வேலைக்கூலி 7,500 ரூபா. ஆறேழு வண்டிகளுக்கு வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபா. இக்கணக்குக்கு எந்தப் பொருளியல் நூலும் தேவையில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நிறுவனத்துக்கும் செலவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கட்டடம், மின்சாரம், தூக்கும் இயந்திரம், பழுதறியும் கணினி ஆகியவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். ஆனால் பற்றுச்சீட்டில் ‘வேலைக்கூலி’ என்று எழுதி வாங்கிய பணம் வேலை செய்தவனுக்குப் போகவில்லை என்றால், அந்தச் சொல்லையாவது மாற்றி எழுத வேண்டாமா? சொல்லின் பொருளைக் கற்பித்து வயிறு வளர்க்கும் எமக்கு, அச்சொல்தான் முதலில் உறுத்தியது.

அடுத்த முறை நாமே செய்வது என்று முடிவு செய்தோம். கற்பிக்க வருவாயா என்று கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான்.

எமது வீட்டில் ஒரு கருவிப்பெட்டி உண்டு. பாட்டனார் விட்டுச்சென்றது. அவர் பிரித்தானியக் கடற்படையின் கப்பற்பட்டறையில் பிற்றராக இருந்தவர். 1957இல் அக்கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவரது வேலை போயிற்று. கையிலிருந்த வித்தையும் இந்தப் பெட்டியுமே எஞ்சின. கரையோரத்துச் சிறு கராஜ் ஒன்றில் லொறிகளைத் திருத்தியே எமது தந்தையாரைப் படிக்கவைத்தார். தந்தையார் எழுதுவினைஞர் ஆனார். நாம் பட்டதாரி ஆனோம். ஒவ்வொரு தலைமுறையிலும் கை வெளுத்துக்கொண்டே வந்தது. அதனை முன்னேற்றம் என்று எண்ணிப் பெருமைப்பட்டோம். பெட்டியைத் திறந்துபார்த்தபோது, அதிலிருந்த ஸ்பானர்கள் யாவும் அங்குல அளவின. எமது காரின் நட்டுகளோ மில்லிமீற்றர் அளவின. ஒன்றேனும் பொருந்தவில்லை. தம்பி தன்னுடைய ஸ்பானர்களைச் சாக்கிற் கட்டிக்கொண்டு வந்தான்.

ஒயிலைக் கடையிலிருந்து நாமே வாங்கி வைத்திருந்தோம். கலனைத் திருப்பிப்பார்த்தால், அது எமது சீனக்குடாவிற் கலந்து அடைக்கப்பட்டது! இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் தம் போர்க்கப்பல்களுக்காகக் கட்டத் தொடங்கிய எண்ணெய்த்தாங்கிகள் நிற்கும் அவ்விடத்தில், இன்று லங்கா ஐஓசி நிறுவனத்தின் ஒயில் கலக்கும் ஆலை இயங்குகிறது. நாளும் அவ்வழியே போய்வரும் நாம், அங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளேனும் எண்ணிப்பார்த்ததில்லை.

வேலை தொடங்கியது. என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னான். இளஞ்சூட்டில் ஒயில் இளகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு முற்றாக வடியுமாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும் என்று கூறி, இரும்புத் தாங்கிகளை வைத்த பின்னரே எம்மை உள்ளே விட்டான். அடியிலுள்ள நட்டைக் கழற்றினோம். கரிய ஒயில் தாச்சியில் இறங்கியது. பழைய பில்ரரைக் கழற்றி, புதியதன் இறப்பர் வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையால் மட்டும் இறுக்கினோம். பின்னர் அடிநட்டுக்குப் புதிய வாசர் போட்டு, எமது பலமெல்லாம் கூட்டித் திருகினோம்.

“சேர், போதும்! கூட இறுக்கினா மரை போயிடும்,” என்று தடுத்தான்.

அவன் எமது மாணவனாக இருந்தபோது, அவனுடைய கட்டுரைகளை எத்தனை தடவை சிவப்பு மையாற் கோடிட்டிருப்போம்! தேர்ச்சி அறிக்கையில் ‘கவனமில்லை’ என்று எழுதியதும் நாமே. அன்று அவன் எமது கையை நிறுத்திய கவனம், எமது வகுப்பறைக்குள் அளக்க முடியாமற்போன கவனம். அளவுகோல் பிழையாயிருந்ததேயன்றி, அளக்கப்பட்டவனிற் பிழையில்லை. பாட்டனாரின் அங்குல ஸ்பானரை மில்லிமீற்றர் நட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு, நட்டையே குறைகூறியவர்களாய் இருந்திருக்கிறோம்.

ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றவேண்டும் என்று நிலையத்தார் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, கைநூலில் அதன் இருமடங்கு எழுதியிருக்கிறதே என்று கேட்டோம். அவன் இரண்டையும் பொய் என்று கூறவில்லை. “தூசி ரோட்டில, நிண்டு நிண்டு ஓடுற வண்டிக்கு முந்தி மாத்தத்தான் வேணும், சேர். ஆனா எல்லா வண்டிக்கும் ஐயாயிரம் எண்டில்லை,” என்றான். கைநூலின் கடைசிப் பக்கங்களில், கடும் பாவனைக்குரிய அட்டவணையாக அதுவே அச்சிடப்பட்டிருந்தது. நூல் படிப்பதே தொழிலான நாம், ஐந்தாண்டுகளாக அந்நூலைப் புரட்டியதில்லை.

இனி, எமது பிழையொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். வடித்த ஒயிலைத் தூக்கிக்கொண்டு வீதியோரக் கானை நோக்கி நடந்தோம். அயல்வீட்டுக் கடற்றொழிலாளியான முதியவர் படலையில் நின்று, “தம்பி, அது எங்கை போகுது எண்டு தெரியுமோ? என்ரை வலைக்குத்தான் வரும்,” என்றார். அந்தக் கான் கடலில் விழுகிறது. வெட்கித் திரும்பி, ஒயிலைப் பழைய கலனில் அடைத்து, பீப்பாயிற் சேர்த்து ஒப்படைக்கும் கராஜ் ஒன்றிற் கொடுத்தோம். நிலையத்தாரின் ‘சுற்றாடற் கட்டணம்’ முழுவதும் ஏமாற்றன்று என்பதும் அன்று விளங்கிற்று. வீட்டிலே செய்யும் வேலையின் அழுக்கை ஊர் சுமக்குமானால், அது சிக்கனமாகாது.

கணக்குப் பார்த்தோம். ஒயில், பில்ரர், வாசர் எல்லாம் 10,800 ரூபா. ஏறத்தாழ 21,000 ரூபா மிச்சம் என்று மகிழ்ந்தோம். அம்மா கேட்டார்: “அந்தப் பெடியனுக்கு என்ன குடுத்தனீ?” கொடுக்க முயன்றதையும், “உங்களிட்டையா சேர்!” என்று அவன் மறுத்ததையும் கூறினோம். “அவன் மறுப்பான். நீ அதைச் சாட்டாக வைக்கிறதோ?” என்றார்.

எமது மகிழ்ச்சி அத்துடன் அடங்கிற்று. நிறுவனமாவது அவனுக்கு 2,000 ரூபா கொடுத்தது. நாமோ குரு பக்தி என்னும் பழைய பெயரைச் சொல்லி, அவனுடைய ஓய்வு நாளை இலவசமாகப் பெற்றுக்கொண்டோம். சுரண்டலுக்கு எதிராக மேடையிற் பேசும் நடுத்தர வர்க்கத்தவர், தம் முற்றத்தில் அதனை அடையாளம் காணத் தவறுவது இவ்விதமே. மறுநாளே அவன் வீட்டுக்குச் சென்று, கூலியைக் கூலியென்றே கூறிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான்.

ஆகவே, ‘நாமே செய்வதா, நிறுவனத்துக்குக் கொடுப்பதா’ என்னும் கேள்வியைப் பணப்பையை மட்டும் நோக்கிக் கேட்பது போதாது. ஒயில் மாற்றுதல், காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தல், ரயரின் காற்றையும் பற்றறியின் முனைகளையும் கவனித்தல் போன்றவற்றை எவரும் பழகிக்கொள்ளலாம், பழகவும் வேண்டும். பிறேக் போன்றவற்றிற் பிழை நேர்ந்தால் வீதியில் நடப்பவன் உயிர் போகும். அதனை வேலை தெரிந்த சிறு கராஜ்காரரிடம் முறையான கூலி கொடுத்துச் செய்விப்பதே நேர்மை. நாம் கற்றுக்கொள்வது தொழிலாளியின் பிழைப்பைப் பறிப்பதற்கன்று. எந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு என்று தெரிந்தவனே, எந்தப் பணம் உழைப்புக்குப் போகிறது, எது போகவில்லை என்று கேட்க வல்லவனாவான்.

அவ்வாறு கேட்ட மக்கள் உலகில் உளர். உத்தரவாதத்தைக் காட்டி, தமது பாகத்தையே விலைகொடுத்து வாங்கவேண்டும் என்று உற்பத்தியாளர் வற்புறுத்துவதை அமெரிக்கச் சட்டம் 1975இலேயே பொதுவாகத் தடைசெய்தது. 2012இல் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள், கார் திருத்துவதற்கான தகவல்களை உரிமையாளருக்கும் சுயாதீன கராஜ்களுக்கும் வழங்கவேண்டும் என்னும் சட்டத்துக்குப் பெருவாரியாக வாக்களித்தனர். இன்றைய வண்டியின் நோயைக் கணினி அறிகிறது. அக்கணினியின் மொழியை நிறுவனம் பூட்டிவைக்குமானால், நாளை எமது தம்பிமார் எவரும் சொந்தமாகக் கராஜ் நடத்த முடியாது. அறிவைத் தனியுடைமையாக்கும் வழக்கு முன்பு ஏட்டுச்சுவடியில் இருந்தது. இன்று கணினிக்குள் புகுந்திருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது, நல்லதே. ஆனால் உயர்தரத்தின் படியை மிதிக்காமலே வெளியேறும் பிள்ளை எங்கே போகிறான் என்று நாம் விசாரிப்பதுண்டா? அனுபவத்தாற் கற்ற தொழிலையும் பரீட்சித்து, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை எமது நாட்டில் இருக்கிறது. அந்த இளைஞனுக்கு அது தெரியாது. எமக்கும் அண்மையில்தான் தெரியவந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எமது மேசையில் இருந்து, தான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறான். எழுத்துக்கூட்டிற் பிழை வருகிறது. பேனாவை வேண்டியதைவிட இறுக்கிப் பிடிக்கிறான். சிவப்பு மையை நாம் எடுப்பதில்லை. “தம்பி, மெல்லப் பிடி, போதும்,” என்கிறோம். விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. சான்றிதழ் கிடைக்குமா என்பதும் இனித்தான் தெரியும். கிடைத்தால் உட்துறைமுகத்தருகே சிறு கராஜ் ஒன்று போடவேண்டும் என்கிறான். அங்கே எழுதப்படும் பற்றுச்சீட்டில், வேலைக்கூலி என்ற சொல்லுக்கு எதிரே உள்ள தொகை வேலை செய்தவனையே சேரவேண்டும் என்று அவனிடம் இப்போதே கூறி வைத்திருக்கிறோம்.